அம்மாவின் சேலைகளை ஆற்றில் விடுவதா, போர்வையாக்குவதா?

அம்மா போனது மாசி மாதம். வேடந்தாங்கல் ஏரியில் மரத்துக்கு மரம் கூடும் குஞ்சுமாக இருந்த நேரம். பதினாறாம் நாள் காரியம் முடிந்து, பந்தல்காரர் நாற்காலிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். பெரியம்மா உள்ளே போய்ப் பீரோவைத் திறந்தார். தரையில் ஒரு பழைய வேட்டியை விரித்து, அம்மாவின் சேலைகளை அதில் அள்ளிப் போட ஆரம்பித்தார்.

“செத்தவங்க துணிய வீட்ல வச்சிக்கினு இருக்கக் கூடாது. மூட்டையா கட்டி பாலாத்துல வுட்டுட்டு வந்துடுங்க” என்றார்.

அண்ணன் தலையாட்டினார். அக்கா மட்டும் அந்த வேட்டியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. “ஒரு வருஷம் இருக்கட்டும் பெரிம்மா. அப்புறம் பாத்துக்கலாம்” என்றாள். அன்றைக்கு வீட்டில் பெரிய சண்டை. அம்மா செத்ததற்கு அழாத அண்ணன், அந்தச் சண்டையில்தான் அழுதார்.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. சாவு நடந்த ஒவ்வொரு வீட்டிலும், காரியம் முடிந்த கையோடு இந்தக் கேள்வி வந்து நிற்கிறது. நகை, நிலம், வங்கிக் கணக்கு எல்லாவற்றுக்கும் சட்டம் இருக்கிறது. கட்டிய துணிக்காக யாரும் சட்டத்தைத் தேடிப் போவதில்லை. பெரும்பாலும் யார் அந்த நேரத்தில் சத்தமாகப் பேசுகிறாரோ, அவர் சொல்வது நடந்துவிடுகிறது. மூட்டை போன பிறகு, “அந்தப் பச்சைச் சேலையாவது வச்சிருக்கலாமே” என்று வருடக்கணக்கில் புலம்புவது மட்டும் மிச்சம்.

இறந்தவரின் உடைகளை வெட்டி, ஒட்டுப்போட்டுத் தைத்து, நினைவுப் போர்வையாக வைத்துக்கொள்ளும் வழக்கம் இப்போது நம் ஊரிலும் மெல்லப் பரவுகிறது. சமூக ஊடகங்களில் படம் பார்த்துவிட்டு, “இதெல்லாம் வெள்ளைக்காரன் பழக்கம், நமக்கு எதுக்கு?” என்று கேட்பவர்களும் உண்டு. என் பதில் இதுதான்: இது நமக்குத் தேவை. புதிதாகக் கற்க வேண்டியதும் அதிகம் இல்லை. நம்மிடம் இருந்ததையே கொஞ்சம் நினைவுபடுத்திக்கொண்டால் போதும்.

வெள்ளைக்காரன் பழக்கமா?

முதலில் வெளியில் இருந்தே தொடங்குவோம். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்று ஒரு கிராமம். அடிமைகளாக இருந்தவர்களின் வழித்தோன்றல்கள் வாழும், பருத்தி விளையும் ஊர். அங்கே மிசௌரி பெட்வே என்ற பெண், கணவர் இறந்த பிறகு, அவர் காட்டு வேலைக்குப் போட்டுக்கொண்ட உடைகளைக் கிழித்து 1942இல் போர்வை தைத்தார். முழங்கால் தேய்ந்த துணி, வியர்வையில் வெளுத்த துணி. அவரை நினைத்துக்கொண்டு அதைப் போர்த்திப் படுக்க வேண்டும் என்பதுதான் காரணம். கூடத் துணி கிழித்துக் கொடுத்தது அவருடைய மகள். அந்த ஊர்ப் பெண்கள் தைத்த போர்வைகள் 2002இல் ஹூஸ்டன் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டன. உலகம் அவற்றைக் கலை என்றது. தைத்தவர்களுக்கு அது குளிருக்குப் போர்வை, துக்கத்துக்குத் துணை.

இன்னொன்று, எய்ட்ஸ் நினைவுப் போர்வை. 1985இல் சான்பிரான்சிஸ்கோவில் கிளீவ் ஜோன்ஸ் என்பவருக்குத் தோன்றிய யோசனை. இறந்த ஒவ்வொருவருக்கும் மூன்றடிக்கு ஆறடி துணி. ஒரு புதைகுழியின் அளவு அது. அதில் அவர் பெயர், அவர் போட்ட சட்டை, பிடித்த பொம்மை என்று எதையாவது தைத்துக் கொடுக்கலாம். 1987 அக்டோபரில் வாஷிங்டன் திடலில் முதல்முறையாக விரித்தபோது 1,920 துண்டுகள் இருந்தன. இன்று சுமார் 50 ஆயிரம். நோயின் பெயரைச் சொல்லவே குடும்பங்கள் பயந்த காலம். உடலை எடுக்க வராத உறவுகள் இருந்த காலம். செத்தவர் பெயரை வெளியே சொல்ல அந்தத் துணி இடம் கொடுத்தது.

அதே காலத்தில்தான், 1986இல், சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவில் முதன்முதலாக எச்ஐவி தொற்றைக் கண்டறிந்தார்கள். அதற்குப் பிறகு இங்கேயும் எத்தனையோ பேர், ஊருக்குச் சொல்லாமல், காரியம்கூட ஒழுங்காகச் செய்யப்படாமல் போனார்கள். அவர்களுக்கு நம்மிடம் ஒரு முழத் துணி நினைவும் இல்லை.

நம்ம வீட்டுத் துணி

இனி நம் பக்கம் வருவோம். வங்காளத்தில் காந்தா என்று சொல்வார்கள். நைந்த சேலைகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, பழைய சேலைக் கரையிலிருந்தே நூலை உருவி, நெருக்கமாக ஓட்டுத்தையல் போட்டால் காந்தா. பிகாரில் அதையே சுஜனி என்கிறார்கள். பிறந்த குழந்தையைச் சுற்ற அது வேண்டும். மகாராஷ்டிரத்தில் கோதடி, வட கர்நாடகத்தில் கவுதி. இவை எல்லாமே கட்டிப் பழசான வீட்டுத் துணியில் தைப்பவைதான். பாட்டியின் சேலை பேரனின் விரிப்பாவது அங்கெல்லாம் செய்தியே இல்லை.

தமிழ்நாட்டில்? பிள்ளை பிறந்தால் நாம் புதுத்துணியா போடுகிறோம்? துவைத்துத் துவைத்துப் பூ மாதிரி ஆன தாத்தா வேட்டியைக் கிழித்துத்தான் சுற்றுகிறோம். தூளி கட்டப் புதுச்சேலை எடுக்கிறோமா? ஆயாவின் நூல் சேலைதான் வேண்டும். அந்த ஆயா உயிரோடு இல்லாவிட்டாலும் அவர் சேலையில் தூளி கட்டிய வீடுகள் எத்தனையோ. அதில் ஆடி வளர்ந்தவர்கள்தான் நாம்.

இன்னும் நேரடியான சான்று, செங்கல்பட்டு உள்ளிட்ட வட மாவட்டங்களில் பல குடும்பங்கள் செய்யும் பூவாடைக்காரி படையல். பூவும் பொட்டுமாகப் போன பெண்ணை வீட்டுத் தெய்வமாக வைத்துக் கும்பிடுவது. படையலின் நடுவே இருப்பது சேலை. படைத்த சேலையை வீட்டில் பத்திரமாக வைப்பார்கள், அல்லது வீட்டுப் பெண்களில் ஒருத்தி கட்டிக்கொள்வாள். அதாவது, செத்தவளுக்கும் இருப்பவளுக்கும் நடுவே துணி ஒரு உறவு என்பதை நம் முன்னோர் நன்றாகவே தெரிந்துவைத்திருந்தார்கள். “செத்தவங்க துணி ஆவாது” என்று சொல்லும் அதே வீட்டில்தான் இந்தப் படையலும் நடக்கிறது.

கடற்கரை சொன்ன பாடம்

மாமல்லபுரத்திலிருந்து கல்பாக்கம் வரைக்கும் உள்ள கடலோர ஊர்கள் 2004 டிசம்பர் 26ஐ மறக்கவில்லை. சுனாமி வந்த சில நாட்களில் நாடு முழுவதிலுமிருந்து லாரி லாரியாகப் பழைய துணி வந்தது. நிறைய துணி சாலையோரத்திலேயே குவிந்து கிடந்தது. யாரோ கழித்துப் போட்டதை எடுத்துக் கட்ட மீனவப் பெண்கள் முன்வரவில்லை. ‘கூஞ்ச்’ போன்ற அமைப்புகள் பிறகு அந்தக் குவியல்களைத் தரம்பிரித்து வேறு பயனுக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது.

இதில் யோசிக்க ஒன்று இருக்கிறது. அந்தப் பெண்களில் பலருக்கு, கடல் கொண்டுபோன பிள்ளையின் ஒரு சட்டை கிடைத்திருந்தால் அது பெரிய விஷயம். கிடைத்ததோ, முகம் தெரியாதவர்களின் ஆயிரம் சட்டைகள். துணி எல்லாம் ஒரே துணி இல்லை. யார் உடுத்தியது என்பதில்தான் அதன் மதிப்பு இருக்கிறது.

அதே சுனாமிக்குப் பிறகு, ஆரோவில்லில் உள்ள உபாசனா என்ற ஆடை வடிவமைப்பு நிறுவனம், மீனவப் பெண்களுக்கு மிச்சத் துணியில் ‘சுனாமிகா’ என்ற விரலளவு பொம்மை செய்யச் சொல்லிக்கொடுத்தது. அந்தப் பொம்மையை விற்கவில்லை, அன்பளிப்பாகத்தான் கொடுத்தார்கள். நாலு பேர் வட்டமாக உட்கார்ந்து கையால் தைத்துக்கொண்டே பேசுவதற்கு அது ஒரு காரணமாக இருந்தது. துக்கத்தில் கைக்கு வேலை வேண்டும் என்பதை, பட்டவர்கள் ஒப்புக்கொள்வார்கள்.

நாலு எதிர்ப்பு, நாலு பதில்

“தீட்டு. ஆவி அலையும்.” நம்பிக்கையோடு சண்டை போட்டு ஜெயிக்க முடியாது, போடவும் வேண்டாம். ஆனால் இறக்கும்போது உடுத்தியிருந்த துணி வேறு, வாழும்போது உடுத்திய துணி வேறு. முதலாவதை விட்டுவிடுங்கள். ஆஸ்பத்திரி நாட்களின் துணியும் வேண்டாம். கல்யாணத்துக்குக் கட்டியது, வயலுக்குக் கட்டியது, ரேஷன் கடை வரிசையில் நின்றது, இவற்றில் என்ன தீட்டு?

“இதையே கட்டிக்கிட்டு அழுதா எப்ப மறக்கிறது?” மறப்பதுதான் குணமாவது என்று ஒரு காலத்தில் மனநல மருத்துவமும் நினைத்தது. 1996இல் கிளாஸ், சில்வர்மேன், நிக்மன் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் தொகுத்த நூல் ஒன்று அந்த எண்ணத்தை அசைத்தது. இறந்தவரோடு உள்ள பிணைப்பு அறுவதில்லை, உருமாறித் தொடர்கிறது, அது நோய் அல்ல என்பது அதன் வாதம். வருடா வருடம் தெவசம் கொடுக்கிற நமக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் ஒன்று: பீரோவைத் திறந்தாலே மூச்சு முட்டுகிறது, வேலைக்குப் போக முடியவில்லை, தூக்கமே இல்லை என்றால், தேவைப்படுவது மருத்துவரின் உதவி. போர்வை அதற்கு மாற்று இல்லை.

“ஏழைக்குக் கொடுத்தா புண்ணியம்.” கொடுங்கள், நல்ல துணியாக இருந்தால். ஆனால் பழைய கணக்கு ஒன்றை மறைக்கக் கூடாது. இறந்தவர் துணி ஊரில் யாருக்குப் போனது? துணி வெளுத்தவர் வீட்டுக்கும், சுடுகாட்டில் வேலை செய்தவர் வீட்டுக்கும். வேண்டுமா என்று அவர்களை யாரும் கேட்டதில்லை. சாதி ஒதுக்கிய பங்கு அது. நாம் அதற்குத் தானம் என்று பெயர் வைத்தோம். இன்று கொடுப்பதாக இருந்தால் துவைத்து, மடித்து, கேட்டுக் கொடுங்கள். ‘நமக்கு ஆகாதது அவங்களுக்கு ஆகும்’ என்ற நினைப்போடு கொடுக்காதீர்கள்.

“ஆத்துல விட்டா போச்சு.” போகாது. இன்றைய சேலைகளில் பலவும் பாலியஸ்டர். அது மக்காது. வேடந்தாங்கல் ஏரி 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. 1798இலேயே அப்போதைய செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸிடம் பறவைகளைச் சுடக் கூடாது என்று எழுதி வாங்கிய ஊர் இது. தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர். அந்தத் தண்ணீரிலோ, பக்கத்துப் பாலாற்றிலோ நைலான் நூல் மிதக்கவிட்டால், நாரையின் காலில்தான் சுற்றும்.

எப்படிச் செய்வது?

நாங்கள் அடிபட்டுக் கற்றதைச் சொல்கிறேன்.

ஒரு வருடம் காத்திருங்கள். முதல் தெவசம் வரைக்கும் கத்தரி எடுக்காதீர்கள். வெட்டியதை ஒட்ட முடியாது.

குடும்பத்தில் எல்லோரையும் கேளுங்கள். ஒருவர் முழுச் சேலையாக வைத்துக்கொள்ள ஆசைப்படலாம். வெட்டுவதற்கு முன் ஒவ்வொரு துணியையும் செல்போனில் படம் எடுத்து, அது எப்போது வாங்கியது, யார் கொடுத்தது என்று இரண்டு வரி எழுதிவையுங்கள். பத்து வருடம் கழித்து, துணி இருக்கும், கதை மறந்திருக்கும்.

ஒரே ஒரு துணியை மட்டும் துவைக்காமல், காற்று புகாத பையில் போட்டு வையுங்கள். வாசனைக்கும் நினைவுக்கும் மூளையில் நெருக்கமான தொடர்பு உண்டு. துவைத்தால் அது போய்விடும். மற்றவற்றைத் தனித்தனியாக ஊறவைத்துச் சாயம் போகிறதா என்று பார்த்துத் துவையுங்கள். சாயம் போகும் துணியைப் போர்வையில் சேர்க்க வேண்டாம்.

கணக்கு இதுதான். ஐந்தடிக்கு ஏழடி, அதாவது ஒற்றைக் கட்டில் போர்வைக்கு, ஓரடிச் சதுரம் 35 வேண்டும். தையலுக்காகச் சுற்றிலும் அரை அங்குலம் விட்டு, 13 அங்குலமாக வெட்ட வேண்டும். சட்டை என்றால் ஒன்றில் மூன்று சதுரம் தேறும், முதுகுப் பக்கம் அகலமாக இருந்தால் நாலு. ஆக, 12 சட்டை வரை வேண்டியிருக்கும்.

சேலை என்றால் முழுதாக வெட்டவே வேண்டாம். இதுதான் எங்களுக்குத் தாமதமாகப் புரிந்தது. சேலையின் அகலம் சுமார் 45 அங்குலம். இடுப்பில் சொருகும் உள்முனையில் 13 அங்குலம் மட்டும் குறுக்கே வெட்டினால் மூன்று சதுரம் கிடைத்துவிடும். மிச்சம் ஐந்து மீட்டருக்கு மேல் சேலையாகவே இருக்கும். மகள் கட்டிக்கொள்ளலாம், மடித்தும் வைக்கலாம். 12 சேலையில் 36 சதுரம்.

பட்டு, பாலியஸ்டர் இரண்டும் வழுக்கும், ஓரம் பிரியும். அவற்றின் அடியில் மெல்லிய காட்டன் லைனிங் வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். போர்வையின் அடிப்பக்கத்துக்கு ஒரு பழைய நூல் சேலையோ வேட்டியோ போதும். நடுவில் பஞ்சு வைக்க வேண்டிய அவசியம் இல்லை. நம் ஊர் வெயிலுக்கு இரண்டு மடிப்புத் துணியே தாராளம். பூச்சி உருண்டையை நேராகத் துணியின் மேல், முக்கியமாகச் சரிகையின் மேல், போடாதீர்கள்.

ஆன்லைனில் ஆயிரக்கணக்கில் கேட்பவர்களிடம்தான் போக வேண்டும் என்று இல்லை. தலையணை உறை தைக்கத் தெரிந்த எந்த டெய்லரும் இதைத் தைப்பார். ஆனால் பக்கத்தில் உட்காருங்கள். நாங்கள் முதலில் கொடுத்த கடையில், சொன்னது காதில் விழாமல், முந்தானையிலேயே கத்தரியை வைத்துவிட்டார்கள். அம்மா அக்கா கல்யாணத்துக்குக் கட்டிய சேலை. அக்கா அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அதனால், எங்கே வெட்ட வேண்டும் என்று நீங்களே சாக்பீஸால் கோடு போட்டுக் கொடுங்கள்.

ரேஷன் கடைச் சேலையின் மதிப்பு

“எங்கம்மாகிட்ட பட்டா இருந்துச்சு, இதெல்லாம் பண்றதுக்கு?” என்று ஒரு தோழி கேட்டாள். எங்கள் அம்மாவிடமும் இல்லை. நாற்று நட்டு, நூறு நாள் வேலைக்குப் போய் எங்களை வளர்த்தவர். நாங்கள் எடுத்த 12 சேலையில் எட்டு, பொங்கலுக்கு அரசு கொடுத்த இலவசச் சேலைகள். எம்ஜிஆர் ஆட்சியில் 1983இல் தொடங்கிய திட்டம் அது. அந்தந்த வருடம் வந்த நிறத்தைப் பார்த்தே, “இது தம்பி பிளஸ் டூ படிச்ச வருஷம்”, “இது வெள்ளம் வந்த வருஷம்” என்று அக்கா சொல்லிக்கொண்டே போனாள். பணக்காரப் பீரோவில் இந்தக் காலண்டர் இருக்காது.

இரண்டாவதாக ஒரு டெய்லர் அண்ணனைப் பிடித்தோம். “செத்தவங்க துணியாம்மா?” என்று முதலில் தயங்கினார். பிறகு அவராகவே, “எங்கம்மா துணி ஒண்ணுகூட எங்கிட்ட இல்ல. அப்போ எல்லாத்தையும் எரிச்சிட்டாங்க” என்றார். கூலி சொன்னதில் பாதிதான் வாங்கிக்கொண்டார்.

35 போக ஒரு சதுரம் மீந்தது. நீலத்தில் வெள்ளைக் கட்டம். பாலாற்றில் விடச் சொன்ன அண்ணன் அதை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மடித்துத் தன் வண்டியின் ஆர்சி புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார். யாரும் எதுவும் கேட்கவில்லை.

எல்லோரும் போர்வை தைத்தாக வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. சிலருக்கு ஒரு கைக்குட்டை அளவு போதும். சிலருக்கு எதுவும் வேண்டாம், அதுவும் சரிதான். நான் கேட்பது ஒன்றே ஒன்று: பதினாறாம் நாளே மூட்டை கட்டாதீர்கள். துக்கத்தில் இருப்பவருக்கு ஒரு வருடம் கொடுங்கள். “என்ன செய்யலாம்?” என்று வீட்டுப் பெண்களிடம் கேளுங்கள். பெரும்பாலும் அந்தத் துணிகளைத் துவைத்து, காயவைத்து, மடித்து வைத்தவர்கள் அவர்கள்தான்.

அம்மா இருக்கும் பாக்கியம் உங்களுக்கு இருந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரோடு உட்கார்ந்து பீரோவைத் திறந்து, “இது எப்ப எடுத்தம்மா?” என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். எங்கள் போர்வையில் ஒரு மெரூன் சதுரம் இருக்கிறது. அதை அம்மாவுக்கு யார் எடுத்துக் கொடுத்தார்கள் என்று எங்கள் வீட்டில் இப்போது யாருக்கும் தெரியாது.